பிடிக்கவும் விடவும் தெரிந்த தாள்

மின்னணுக் கருவி ஒன்றைத் தம் கையாலேயே செய்து பார்க்க வேண்டும் என்ற ஆவல் கொண்டவர்கள் நம் ஊர்கள் எல்லாவற்றிலும் இருக்கிறார்கள். பாலிடெக்னிக்கில் படிக்கும் மாணவன், ஆம்பிளிபயர் கட்டிக்கொடுக்கும் தொழிலாளி, பள்ளிப் பருவத்திலேயே சால்டரிங் அயனைக் கையில் எடுத்துவிட்ட சிறுமி என்று பல தரத்தினரான இவர்கள், தங்கள் முயற்சியின் ஏதோ ஒரு கட்டத்தில், உதிரிப் பாகங்களைப் பொருத்துவதற்கான சர்க்யூட் போர்டை வீட்டிலேயே தயாரித்துக்கொள்ள முற்படுகிறார்கள். லேசர் பிரிண்டரில் எடுத்த படத்தைச் செம்புத் தகட்டின்மேல் கவிழ்த்து வைத்து, இஸ்திரிப் பெட்டியால் தேய்த்து ஏற்றும் எளிய முறையைக் கைக்கொள்கிறார்கள். முதல் முயற்சியில் படம் பாதி ஏறியும் பாதி ஏறாமலும் போகவே, பிரிண்டரையும் இஸ்திரிப் பெட்டியையும் செம்புத் தகட்டையும் மாறி மாறிக் குறை சொல்கிறார்கள். குறை பெரும்பாலும் இவற்றில் எதிலும் இருப்பதில்லை. அது தாளில் இருக்கிறது. இன்னும் சரியாகச் சொன்னால், தாளைத் தேர்ந்தெடுத்த விதத்தில் இருக்கிறது.

எந்தத் தாளை வாங்குவது என்ற கேள்விக்கு இன்று வழங்கும் விடைகள் எல்லாம் வெறும் பெயர்களாகவே இருக்கின்றன. இன்ன கம்பெனியின் போட்டோ பேப்பர் என்பார் ஒருவர். இன்ன பத்திரிகையின் மேலட்டை என்பார் மற்றொருவர். தனியாக இதற்கென்றே விற்கும் மஞ்சள் தாள் இல்லாமல் காரியம் நடவாது என்று கடைக்காரர் சொல்லுவார். ஒருவருக்கு அமோகமாகப் பலித்த தாள் இன்னொருவருக்குப் பலிக்காமற்போவதும், சென்ற ஆண்டு நன்றாக இருந்த அதே பெயருள்ள தாள் இவ்வாண்டு கைவிடுவதும் சர்வசாதாரணம். இப்பெயர்களின் பின்னால் அலைந்து பணத்தையும் உற்சாகத்தையும் இழப்பதைக் காட்டிலும், ஒரு தாள் ஏன் பயன்படுகிறது, மற்றொன்று ஏன் பயன்படுவதில்லை என்ற காரணத்தை அறிந்துகொள்வதே மேலானது என்பதும், அந்தக் காரணத்தைக் கற்பிக்கும் கடமை நம் தொழிற்கல்விக் கூடங்களுக்கு உண்டு என்பதும் என் உறுதியான அபிப்பிராயம்.

இத்துறையில் பழக்கமில்லாதவர்களும் இதைப் படிக்கக்கூடும் ஆதலால், முறையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுவது நலம். கடைகளில் காப்பர் கிளாட் என்ற பெயரில் விற்கப்படும் பலகை, கண்ணாடி இழையும் எபாக்சியும் சேர்ந்த, வழக்கமாக 1.6 மில்லிமீட்டர் கனமுள்ள ஒரு தகடு. அதன்மேல் 35 மைக்ரான் கனத்தில் செம்பு ஒட்டப்பட்டிருக்கும். மின்சாரம் ஓட வேண்டிய தடங்களில் மட்டும் இந்தச் செம்பை விட்டுவைத்து, மற்ற இடங்களிலெல்லாம் அதை அரித்து நீக்கிவிட்டால் போர்டு தயாராகிவிடும். அரிப்பதற்கு ஃபெரிக் குளோரைடு கரைசல் உபயோகமாகிறது. அது செம்பைத் தின்னும், பிளாஸ்டிக்கைத் தொடாது. லேசர் பிரிண்டரும் ஜெராக்ஸ் இயந்திரமும் பயன்படுத்தும் டோனரோ, மை என்றே நாம் வழங்கினாலும், கரியும் சிறிது மெழுகும் கலந்த பிளாஸ்டிக் தூளேயாகும். உஷ்ணத்தில் இளகும், ஆறினால் இறுகும். எனவே, தடங்கள் இருக்க வேண்டிய இடங்களில் டோனரைச் செம்பின்மேல் ஒட்டவைத்துவிட்டால், அது செம்புக்குக் கவசமாக நின்று காக்கும். அரிப்பு முடிந்தபின் தின்னரோ அசிட்டோனோ கொண்டு துடைத்துவிடலாம். இங்க்ஜெட் பிரிண்டரின் மை நீர்ப்பாங்கானது, அதில் இளகி இறுகும் பிளாஸ்டிக் இல்லை. ஆகையால் அந்தப் பிரிண்டரில் எடுத்த படம் இவ்வேலைக்கு உதவாது.

இந்த முறை ஏதோ நேற்றைய குறுக்குவழி என்று எண்ணிவிடக் கூடாது. இதன் வேர்கள் ஆழமானவை. 1938-ஆம் ஆண்டு அக்டோபர் 22-ஆம் நாள், நியூயார்க் நகரின் அஸ்டோரியா பகுதியில், செஸ்டர் கார்ல்சன் என்பவர், ஆட்டோ கோர்னே என்ற உதவியாளருடன் ஒரு பரீட்சை செய்தார். கார்ல்சன் காப்புரிமைப் பத்திரங்களோடு மல்லாடும் அலுவலில் இருந்தவர். ஒரே ஆவணத்தைப் பல படிகள் எடுக்கும் தொல்லைக்கு முடிவு காண விரும்பியவர். கந்தகம் பூசிய துத்தநாகத் தகட்டை இருட்டறையில் துணியால் தேய்த்து மின்னூட்டம் ஏற்றி, அன்றைய தேதியும் ஊர்ப்பெயரும் எழுதிய கண்ணாடித் துண்டை அதன்மேல் வைத்து ஒளி பாய்ச்சி, லைக்கோபோடியம் என்னும் தாவரத்தின் நுண்தூளைத் தூவியபோது, எழுத்துகள் தூளிலேயே தகட்டின்மேல் எழுந்து நின்றன. அவற்றை நிலையாக்குவதற்கு அவர் செய்தது என்னவென்றால், மெழுகு பூசிய தாள் ஒன்றைத் தூளின்மேல் அழுத்திச் சூடேற்றி, மெழுகு இளகித் தூளைப் பற்றிக்கொண்டதும் தாளை எடுத்துவிட்டதுதான். உலகின் முதல் ஜெராக்ஸ் பிரதி, இவ்வாறு, தூள் உருவம் ஒன்றை உஷ்ணத்தாலும் தகுந்த தாளாலும் ஓரிடத்திலிருந்து வேறிடத்துக்கு மாற்றியதன் விளைவேயாகும். இன்று நம் மாணவன் இஸ்திரிப் பெட்டியைக் கொண்டு செய்வதும் அதே காரியம்; திசை மட்டும் மாறியிருக்கிறது. கார்ல்சன் தகட்டிலிருந்து தாளுக்கு மாற்றினார். இவன் தாளிலிருந்து தகட்டுக்கு மாற்றுகிறான்.

சர்க்யூட் போர்டின் வரலாறும் அச்சுக்கூடத்தோடு பிணைந்ததே. வியன்னாவில் பிறந்து, நாஜிகளின் கொடுமை நெருங்கிவந்த காலத்தில் லண்டனை அடைந்த பால் ஐஸ்லர், 1930-களின் பிற்பகுதியில், செம்புத் தகட்டிலிருந்து தடங்களை அரித்தெடுத்து ரேடியோ செய்து காட்டினார். அச்சுத் தொழிலில் அவருக்கு இருந்த பரிச்சயமே, கம்பிகளைக் கையால் இணைக்கும் வேலையை அச்சிடும் வேலையாக மாற்றும் யோசனைக்கு வித்திட்டது. 1943-இல் அவர் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். இரண்டாம் உலகப் போரில், இலக்கின் அருகே சென்றதும் தானே வெடிக்கும் பீரங்கிக் குண்டுகளின் உறுப்புகளில் அச்சிட்ட சர்க்யூட்டுகள் இடம்பெற்றன. அச்சுக்கூடத்தில் பிறந்த ஒரு கலைக்கு அச்சுத்தாளைப் பற்றிய அறிவு இன்றியமையாதது என்பதில் வியப்புக்கு என்ன இருக்கிறது?

இனி விஷயத்தின் மையத்துக்கு வருவோம். பிரிண்டரின் உள்ளே, ஏறக்குறைய 200 டிகிரி செல்ஷியஸ் உஷ்ணத்தில் சுழலும் உருளைக்கு அடியில் தாள் கணநேரம் சென்று மீளும்போது, டோனர் இளகித் தாளைப் பற்றிக்கொள்கிறது. பின்னர் அதே தாளைச் செம்பின்மேல் கவிழ்த்து இஸ்திரிப் பெட்டியால் அழுத்தும்போது, டோனர் மறுபடியும் இளகிச் செம்பையும் பற்றிக்கொள்கிறது. இப்போது டோனருக்கு இரண்டு பிடிகள். ஒரு பக்கம் தாளின் பிடி, மறுபக்கம் செம்பின் பிடி. தாளை அகற்றும் நேரத்தில் எந்தப் பிடி தளர்கிறதோ அந்தப் பக்கத்தை டோனர் கைவிடும். ஆகவே நமக்கு வேண்டிய தாளின் லட்சணம் இரட்டையானது. பிரிண்டரின் வயிற்றுக்குள் இருக்கும்வரை டோனரை உதிரவிடாமல் பிடித்திருக்க வேண்டும், செம்பில் ஒட்டியபின் அதை முழுமையாக விட்டுவிட வேண்டும். இந்த இரண்டில் ஒன்று மட்டும் உள்ள தாள்கள் ஏராளம். இரண்டும் ஒருங்கே அமைந்தவை சிலவே.

இந்த அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு தாளாகப் பார்த்தால் குழப்பம் தானே விலகும். நீங்கள் இப்போது கையில் வைத்துப் படித்துக்கொண்டிருக்கும் செய்தித்தாள் இப்பணிக்கு உதவாது. பூச்சு ஏதுமில்லாத அதன் மரநார்களுக்குள் டோனர் புகுந்து வேர்விட்டுக்கொள்ளும். அலுவலகங்களில் புழங்கும் 70, 75, 80 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம்) எடையுள்ள காப்பியர் தாளும் இவ்வினத்தைச் சேர்ந்ததே. எவ்வளவு நேரம் ஊறவைத்துத் தேய்த்தாலும், டோனரோடு பின்னிக்கிடக்கும் நார்களைப் பிய்க்கப் போய்த் தடங்களையே பிய்த்துவிட நேரும். பிடிக்கத் தெரிந்து விடத் தெரியாத தாள்கள் இவை.

ஸ்டிக்கர்களின் அடியில் உரித்தெறியும் வழவழப்பான பின்தாள் இதற்கு நேர்மாறானது. சிலிக்கோன் பூசிய அதன் முகத்தில் எதுவும் ஒட்டாது. செம்பு தொட்ட மாத்திரத்தில் டோனர் முழுவதும் செம்புக்கே போய்ச் சேரும், தண்ணீரில் ஊறவைக்கும் வேலைகூட இல்லை. ஆனால் அதே காரணத்தால், பிரிண்டரைவிட்டு வெளிவரும் முன்னரே தூள் கலைந்து படம் சிதைவதும், விரல் பட்ட இடத்தில் தடம் அழிவதும், உதிர்ந்த தூள் இயந்திரத்துக்குள் தங்கிவிடுவதும் உண்டு. கைப்பழக்கம் உள்ளவர்களுக்கு இது நல்ல கருவி. தொடங்குபவர்களுக்கு நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

இதற்கென்றே தயாரித்து விற்கப்படும் தாள்களில் சிறந்தவை டெக்ஸ்ட்ரின் என்னும் மாவுப்பசை பூசியவை. தண்ணீரில் போட்டதும் பசை கரைந்துவிட, தாள் தானாகவே மிதந்து விலகும். டோனர் செம்பின்மேல் தூய்மையாக நிற்கும். முறையின் தத்துவத்தை இதைவிடத் தெளிவாகக் காட்டும் தாள் வேறில்லை. இவற்றின் குறை விலையும், சிறிய ஊர்களில் கிடைக்காமையுமே.

பிடிக்க மட்டும் தெரிந்தவை, விட மட்டும் தெரிந்தவை என்ற இரு கோடிகளுக்கும் நடுவில், நம் நாட்டில் மிக எளிதாகக் கிடைப்பதும், நான் முதலிடம் கொடுக்க விரும்புவதும் ஆர்ட் பேப்பர். காலண்டர், அழைப்பிதழ், விளம்பரத் துண்டு, பளபளப்பான பத்திரிகை அட்டை முதலியவை அச்சாகும் தாள் இது. இதன் இரு முகங்களிலும் கயோலின் என்னும் வெண்களிமண்ணும் சுண்ணாம்புத் தூளும், மாவுப்பசையிலோ செயற்கைப் பிசினிலோ குழைத்துப் பூசப்பட்டு, உருளைகளுக்கு இடையே அழுத்தி மெருகேற்றப்பட்டிருக்கும். டோனர் இந்தப் பூச்சின்மேல் படிகிறதே ஒழிய, அடியிலுள்ள நார்களை எட்டுவதில்லை. தண்ணீரில் ஊறியதும், நாள்பட்ட சுவரின் சுண்ணாம்பு மழையில் பொதுமிப் பெயர்வதைப்போல, பூச்சு தளர்ந்து தாளை விட்டு நீங்குகிறது. டோனரின் செம்புப் பிடிக்கு எந்தப் பங்கமும் நேருவதில்லை. 90 முதல் 130 ஜி.எஸ்.எம். வரையுள்ளது பிரிண்டரில் சுருங்காமல் செல்லும் விறைப்பும், சூட்டை விரைவில் கடத்தும் மென்மையும் சேர்ந்து அமைந்தது. அதனினும் மெல்லிய பத்திரிகைத் தாள் செம்போடு நன்றாகப் படியும், சீக்கிரம் ஊறும். ஆனால் பிரிண்டரில் மடங்கிச் சிக்கிக்கொள்ளும் அபாயம் அதற்கு அதிகம். அதில் ஏற்கெனவே அச்சாகியிருக்கும் படங்களையும் எழுத்துகளையும் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. அச்சு மை டோனரைப்போல இளகிச் செம்பில் ஏறுவதில்லை.

போட்டோ பேப்பரைப் பற்றி ஒரு கடுமையான எச்சரிக்கையைச் சொல்லியாக வேண்டும். இப்பெயரில் இரண்டு வேறுபட்ட பொருள்கள் விற்கப்படுகின்றன. ஒன்று, தாளின்மேல் நீரை உறிஞ்சும் வெண்பூச்சு மட்டும் பூசியது. இதில் பல வகைகள் நன்றாகவே பயன்படும். மற்றொன்று, தாளின் இரு பக்கமும் பாலிதீன் படலம் ஒட்டி, அதன்மேல் பூச்சிட்டது. பாலிதீன் 100 டிகிரியைச் சற்றே தாண்டியதும் இளகும் சுபாவமுடையது. இத்தகைய தாளை 200 டிகிரி உருளைக்கு அடியில் செலுத்தினால் அது உருளையில் ஒட்டிச் சுற்றிக்கொண்டு இயந்திரத்தையே பாழாக்கிவிடும். இங்க்ஜெட்டுக்கு என்று உறையில் அச்சிட்டிருக்கும் எந்தப் பளபளப்புத் தாளையும், அதன் உள்ளமைப்பை அறியாமல், லேசர் பிரிண்டரில் வைப்பது தகாது. அதுவும் அந்தப் பிரிண்டர் ஜெராக்ஸ் கடைக்காரருடையதாக இருந்தால், அவரிடம் விஷயத்தைச் சொல்லாமல் தாளை நீட்டுவது பிறர் பிழைப்பின்மேல் பரீட்சை நடத்துவதாகும். ஆர்வத்துக்காக அத்தகைய அநீதியைச் செய்ய ஒருவருக்கும் உரிமை கிடையாது.

அப்படியானால், பெயரை நம்பாமல் தாளை எவ்வாறு அறிவது? வீட்டிலேயே செய்யக்கூடிய பரீட்சைகள் மூன்று உண்டு. முதலாவது, கிழித்துப் பார்ப்பது: தாளின் மூலையை மெதுவாகக் கிழித்தால், கிழிந்த ஓரத்தில் கண்ணாடிபோன்ற படலம் நூலாக இழுபட்டு நின்றால் அது பிளாஸ்டிக், அத்தாளை அக்கணமே விலக்கிவிட வேண்டும். இரண்டாவது, சூட்டில் வைத்துப் பார்ப்பது: ஒரு சிறு துண்டை இரண்டு காப்பியர் தாள்களுக்கு இடையில் வைத்து, பருத்தித் துணிக்குரிய சூட்டில் இஸ்திரிப் பெட்டியால் அரை நிமிஷம் அழுத்தி எடுத்தால், அது எதனோடும் ஒட்டாமலும் கொப்புளிக்காமலும் தனியே வர வேண்டும். மூன்றாவது, தண்ணீரில் இட்டுப் பார்ப்பது: இன்னொரு துண்டை வெதுவெதுப்பான தண்ணீரில் பத்து நிமிஷம் ஊறவைத்து, பளபளப்பான முகத்தைப் பெருவிரலால் தேய்த்தால், பூச்சு வழுக்கிக்கொண்டு வெண்மையாக விரலோடு வர வேண்டும், அப்படி வராமல் உறுதியாகவே நின்றால், அதன் பூச்சில் நீருக்கு அசையாத பிசின் மிகுதி என்று தெரிந்துகொள்ளலாம். ஒரே மாதிரி பளபளக்கும் இரண்டு ஆர்ட் பேப்பர்களில் ஒன்று பலிப்பதும் மற்றொன்று பலியாததும் இந்தப் பிசினால்தான். தாள் ஆலைகள் இப்பூச்சை அச்சுத் தொழிலின் தேவைக்காகவே அமைக்கின்றன. நம்முடைய காரியம் அவர்கள் கருத்திலேயே இல்லை. ஆகையால் பெயரை மாற்றாமலே பூச்சை மாற்றிவிட அவர்களுக்குப் பூரண சுதந்திரம் உண்டு. பெயரைப் பாடம் செய்தவன் அன்றைக்கு ஏமாறுவான். பரீட்சையை அறிந்தவன் ஏமாற மாட்டான்.

தேர்ந்தெடுத்த தாள் தன் வேலையைச் செய்யும் தருணத்தைச் சற்று அருகிருந்து பார்ப்பது பயனுள்ளது. பச்சை நிற ஸ்கிரப்பரால் தேய்த்து, அசிட்டோனால் துடைத்து, விரல்ரேகைகூடப் படாமல் வைத்திருக்கும் செம்பின்மேல் தாளைக் கவிழ்த்து, நீராவி இல்லாத இஸ்திரிப் பெட்டியால் மூன்று நான்கு நிமிஷம், மூலைகளையும் விளிம்புகளையும் மறவாமல் அழுத்தியபின், தடங்களின் உருவம் தாளின் முதுகில் லேசான மேடாகத் தெரியத் தொடங்கும். ஆறவிட்டுத் தண்ணீரில் இட வேண்டும். ஆர்ட் பேப்பரின் பின்முகத்திலும் பூச்சு இருப்பதால் நீர் உள்ளே புகத் தாமதமாகும். முதுகை உப்புத்தாளால் இலேசாகக் கீறிவிட்டால் அந்தத் தாமதம் தீரும். முதலில் தடித்த தாள் உரிந்து வரும். பின்னர் எஞ்சிய நார்களை விரல்நுனியால் வட்டமாகத் தேய்த்துத் திரள் திரளாக எடுக்க வேண்டும். ஈரத்தில் கரேலென்று இருக்கும் தடங்கள், உலர்ந்ததும் சாம்பல் பூத்ததுபோல் வெளுத்துக் காணப்படும். டோனரின் மேல் தங்கியுள்ள வெண்களிமண் அது. தடத்தின் மேல் அது இருப்பதால் ஒரு தீங்கும் இல்லை. இரண்டு தடங்களுக்கு நடுவிலோ, உதிரிப் பாகங்களின் கால்களைப் பற்றவைக்கும் வட்டங்களின் நடுத்துளையிலோ அது தங்கிவிட்டால், அந்த இடத்தில் ஃபெரிக் குளோரைடு செம்பை எட்டாது. தடங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், துளையிடும் கருவியின் முனைக்குப் பிடிமானம் இல்லாமற்போகும். பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் அந்தச் சந்துகளைத் துலக்கி, வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்து, எங்கும் செம்பின் நிறம் பளிச்சென்று தெரிகிறது என்று உறுதி செய்துகொண்ட பின்னரே கரைசலில் இட வேண்டும். பொறுமையையும் கூர்ந்த நோக்கையும் ஒருங்கே பயிற்றுவிக்கும் இத்தகைய வேலைகள் நம் பாடத்திட்டங்களில் அதிகம் இல்லை.

தாளுக்கு இன்னொரு சுபாவமும் உண்டு. ஈரக் காற்றில் அது விரியும், சூட்டில் உலர்ந்தால் சுருங்கும். நார்கள் ஓடும் திசைக்குக் குறுக்கே இந்த மாற்றம் அதிகம். சாதாரண ஐ.சி. என்னும் மின்னணுச் சில்லின் கால்களுக்கு இடையேயுள்ள தூரம் 2.54 மில்லிமீட்டர். 40 கால்கள் கொண்ட ஐ.சி.யில், ஒரு வரிசையின் முதற்காலிலிருந்து கடைசிக் கால்வரை 48.26 மில்லிமீட்டர். தாள் நூற்றுக்கு அரைப் பங்கு சுருங்கினாலே, கடைசிக் காலின் இடம் கால் மில்லிமீட்டர் அளவு விலகிப்போகும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் கடற்கரை ஊர்களில் இருப்போர் இதைச் சிறப்பாகக் கவனிக்க வேண்டும். தாளை உறையிலிட்டு உலர்வாக வைத்திருப்பதும், எதையும் அச்சிடாமல் ஒருமுறை பிரிண்டரில் ஓட்டி ஈரத்தைப் போக்கிவிட்டுப் பின்னர் அச்சிடுவதும், அச்சான படத்தின்மேல் ஐ.சி.யை வைத்துக் கால்கள் அனைத்தும் வட்டங்களின் நடுவில் நிற்கின்றனவா என்று சோதிப்பதும் நல்ல வழக்கங்கள். 1969 முதல் தில்லியிலிருந்து வெளிவரும் 'எலக்ட்ரானிக்ஸ் ஃபார் யூ' போன்ற பத்திரிகைகள் போர்டுகளின் படங்களை உள்ள அளவிலேயே பிரசுரித்துவருவதும், வாசகன் அளவு மாறாமல் அவற்றைச் செம்புக்குக் கொண்டுசெல்ல வேண்டும் என்ற நோக்கத்தில்தான்.

இவ்வளவு சிரமம் எதற்கு, படத்தை இணையத்தின் வழியே அனுப்பினால் தொழிற்சாலையிலேயே துல்லியமாகச் செய்து வீட்டு வாசலுக்கு அனுப்பிவிடுகிறார்களே என்று கேட்பவர்கள் உண்டு. அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. இரண்டு பக்கமும் தடங்கள் ஓடி, துளைகளின் உட்புறத்திலும் செம்பு பூசப்பட்டு, பச்சை வண்ணக் காப்புப் படலத்தோடு வரும் போர்டுக்கு வீட்டு இஸ்திரிப் பெட்டி ஈடாகாது. விற்பனைக்கு என்று செய்யும் எதற்கும் தொழிற்சாலைப் போர்டே தகுந்தது. ஆனால் கற்பவனுடைய தேவை வேறு. காலையில் வரைந்த படம் மாலைக்குள் செம்பாக மாறி, அதில் உள்ள பிழை இரவுக்குள் தெரிந்துவிட்டால், மறுநாள் அவன் திருத்திய படத்தோடு எழுவான். தபாலை எதிர்பார்த்துக் காத்திருப்பவனுக்கோ பிழை தெரியவே பல நாள் ஆகும், அதற்குள் ஆவலும் தணிந்துவிடக்கூடும். மேலும், தடத்துக்கும் தடத்துக்கும் நடுவே இவ்வளவு இடைவெளி வேண்டும் என்ற விதியைப் புத்தகத்தில் படிப்பதற்கும், 2.54 மில்லிமீட்டர் இடைவெளியில் 1.5 மில்லிமீட்டர் விட்டமுள்ள இரண்டு வட்டங்களுக்கு நடுவே 0.3 மில்லிமீட்டர் தடம் ஒன்றை ஓட்டி, இருபுறமும் எஞ்சும் 0.37 மில்லிமீட்டர் சந்தில் தங்கிய தாள்நாரைத் தன் விரலால் எடுத்துப் பார்ப்பதற்கும் உள்ள வேறுபாடு பெரிது. பின்னால் தொழிற்சாலைக்கு அனுப்பும் படத்தை அவனே பிழையின்றி வரைவான்.

ஒரு பொறுப்பையும் இங்கே வலியுறுத்த வேண்டும். ஃபெரிக் குளோரைடைத் தண்ணீரில் சிறிது சிறிதாகத்தான் இட வேண்டும், கரையும்போதே அது சூடாகும். உலோகப் பாத்திரத்தில் வைக்கலாகாது. கையுறையும் கண்ணுக்குக் காப்பும் அவசியம். உபயோகித்து முடிந்த கரைசலில் கரைந்துள்ள செம்பு, நீர்வாழ் உயிர்களுக்கு நஞ்சு. அதைச் சமையலறைத் தொட்டியிலோ தெருச் சாக்கடையிலோ கொட்டுவது பாவமான காரியம். மூடியுள்ள பிளாஸ்டிக் பாத்திரத்தில் சேர்த்துவைத்து, அபாயகரமான கழிவுகளைக் கையாள ஏற்பாடு உள்ள கல்லூரிச் சோதனைச்சாலையிடமோ கழிவு சேகரிப்போரிடமோ ஒப்படைக்க வேண்டும். தாளைத் தேர்வதில் காட்டும் விவேகம் இங்கேயும் தொடர்ந்தால்தான் கல்வி பூரணமாகும்.

நம் மாநிலம் தாளுக்கும் அச்சுக்கும் அந்நியமானதன்று. கரூர் மாவட்டத்துக் காகிதபுரத்தில் கரும்புச் சக்கையிலிருந்து தாள் செய்யும் ஆலை இயங்குகிறது. சிவகாசியின் அச்சகங்களில் ஆர்ட் பேப்பர் காலண்டர்கள் ஆண்டுதோறும் மலைமலையாகக் குவிகின்றன. சென்னை ரிச்சி தெருவில் செம்புத் தகடும் ஃபெரிக் குளோரைடும் கைக்கெட்டும் தூரத்தில் கிடைக்கின்றன. இம்மூன்றும் ஒரே மாநிலத்தில் இருந்தும், அச்சகத்தில் வெட்டிக் கழித்த ஆர்ட் பேப்பர் துண்டுகள் பழைய பேப்பர் மூட்டையில் போய்ச் சேர, அடுத்த தெருவில் இருக்கும் மாணவன் அதே வேலைக்கு விலையுயர்ந்த தாளைத் தேடி அலைவது பொருந்தாத நிலைமை. அச்சக உரிமையாளர்கள், ஏ4 அளவுக்குக் குறையாத கழிவுத் துண்டுகளை அருகிலுள்ள பாலிடெக்னிக்குக்கும் பள்ளிகளுக்கும் கொடுத்துதவினால், அவர்களுக்கு நஷ்டம் ஏதுமில்லை. பெறுவோருக்கு லாபம் மிகப் பெரிது.

ஆசிரியர்களிடம் என் வேண்டுகோள் இதுதான். மின்னணுவியல் செய்முறை வகுப்பில் ஒரு நாளைத் தாளுக்காக ஒதுக்குங்கள். காப்பியர் தாள், ஆர்ட் பேப்பர், பத்திரிகை அட்டை, ஸ்டிக்கர் பின்தாள் ஆகிய நான்கையும் மேஜைமேல் வைத்து, எது பலிக்கும் என்பதையும் ஏன் என்பதையும் முன்கூட்டியே எழுதித் தரச் சொல்லுங்கள்; பின்னர் கிழித்தும் சுட்டும் நனைத்தும் தாங்களே கண்டறியவிடுங்கள்; அதற்குப் பிறகே இஸ்திரிப் பெட்டியைக் கையில் கொடுங்கள். இன்ன தாள் வாங்கு என்று ஒரு பெயரை மட்டும் சொல்லி அவர்களை அனுப்பிவிடாதீர்கள்.